ஏரிய வலம் வந்து கோட்டைய பாருங்க: ஸ்காட்லாந்துல முதல் நடை போறவங்களுக்கு

யூகே வந்த புதுசுல ஆபீஸ்ல திங்கக்கிழமை ஆனா எல்லாரும் "வாக் போனோம், வாக் போனோம்"னு சொல்லுவாங்க, நான் ஏதோ மெரினாவுல காலைல கைய வீசிட்டு நடக்கற மாதிரின்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் ஒரு தடவை கூட போனேன், ஜீன்ஸ் போட்டுக்கிட்டு, அக்டோபர் மாசம், மழைல. ஜீன்ஸ் நனைஞ்சு தொடைல ஒட்டி அஞ்சு கிலோ கூடின மாதிரி ஆகி, திரும்பி வந்தப்போ இனி ஜென்மத்துக்கும் வேணாம்னு இருந்துச்சு. ஆனா தப்பு நடைல இல்ல, என்கிட்டதான். அதனால நடந்தே பழக்கம் இல்லாதவங்க முதல் தடவை எப்படி போகணும்னு வரிசையா எழுதறேன், உதாரணத்துக்கு எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரே ஒரு இடத்த மட்டும் எடுத்துக்கறேன்.

இடம் பேரு லாக் அன் ஏலன், அவிமோர் ஊருக்குப் பக்கத்துல, கேர்ன்கோர்ம்ஸ் நேஷனல் பார்க்குக்குள்ள. ஸ்காட்லாந்தோட பழைய மொழியான கேலிக்ல தீவு இருக்கற ஏரின்னு அர்த்தம். அந்த "லாக்"ல கடைசி எழுத்த தொண்டைலருந்து "லாஃ"ன்னு சொல்லணும், இங்கிலாந்துக்காரங்களுக்கே ஒழுங்கா வராது, நமக்கு ஆய்த எழுத்து இருக்கு, கவலையே இல்ல.

ஸ்டெப் 1: மலை ஏறாதீங்க, ஏரிய சுத்துங்க

ஸ்காட்லாந்துன்னா உடனே எல்லாரும் தேடறது பென் நெவிஸ். 1,345 மீட்டர், யூகேலயே உசரமான மலை, முதல் நடைக்கு அது வேண்டவே வேண்டாம். ஏரி சுத்தற பாதை எடுங்க. காரணம் ரொம்ப சிம்பிள், தண்ணி எப்பவும் ஒரே கைப்பக்கம் இருக்கும், அது இருக்கற வரைக்கும் வழி தப்பாது, நடந்துக்கிட்டே இருந்தா கிளம்புன இடத்துக்கே வந்துருவீங்க. லாக் அன் ஏலன் ஒரு சுத்து சுமார் 5 கிலோமீட்டர், ஏத்தம் இறக்கம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. திருவண்ணாமலைல 14 கிலோமீட்டர் கிரிவலம் போனவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல.

இன்னொரு விஷயம், அந்த நிலம் தனியார் எஸ்டேட், ராதிமர்கஸ்னு பேரு. ஆனா ஸ்காட்லாந்துல 2003ல வந்த நிலச் சட்டப்படி பயிருக்கோ வீட்டுக்கோ தொந்தரவு பண்ணாம பொறுப்பா நடந்தா யாரு நிலத்துலயும் பெரும்பாலும் நடக்கலாம். கார் நிறுத்தறதுக்குத்தான் காசு, நடக்கறதுக்கு இல்ல.

ஸ்டெப் 2: மேப்ப ஒரு தடவை வீட்லயே பாருங்க

போன்ல எல்லாம் இருக்கே எதுக்குன்னு கேப்பீங்க. காட்டுக்குள்ள சிக்னல் கிடைக்காம போகும், குளிர்ல பேட்டரியும் சட்டுனு இறங்கும். ஆர்ட்னன்ஸ் சர்வேன்னு இங்க அரசு மேப் நிறுவனம் ஒண்ணு இருக்கு, அவங்க எக்ஸ்ப்ளோரர் மேப் வரிசைல ஓஎல் 57-ங்கற நம்பர்தான் இந்த ஏரியாவுக்கு. தரைல 1 கிலோமீட்டர்னா மேப்ல 4 சென்டிமீட்டர், அதனால நூல வச்சு ஏரிக்கரைய அளந்தே தூரம் கண்டுபிடிச்சுரலாம். கறுப்புப் புள்ளிக்கோடு பாதை, பிரவுன் கோடு எல்லாம் உசரம், கோடு நெருக்கமா இருந்தா அங்க செங்குத்து, போகாதீங்க. எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா இடிஞ்ச கோட்டை, பழைய கல்லறை மாதிரி பழங்காலத்து எடத்தோட பேர மட்டும் கொம்பு வச்ச பழைய எழுத்துல, பழைய பைபிள் அட்டைல இருக்குமே அந்த மாதிரி அச்சடிச்சிருப்பாங்க. ஒரு தடவை கண்ணு பழகிட்டா மேப்ப விரிச்ச உடனே கோட்டை எல்லாம் தனியா தெரியும், அடுத்த நடைக்கு இடத்த நீங்களே கண்டுபிடிச்சுக்கலாம்.

ஸ்டெப் 3: நேரத்த கணக்கு போடுங்க

1892ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு சொன்னாரு, இன்னைக்கும் எல்லாரும் அதத்தான் போடறாங்க. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட 600 மீட்டர் உசரம் ஏறினா இன்னொரு மணி நேரம். அந்தக் கணக்குல நம்ம ஏரிக்கு ஒரு மணி நேரம்தான். ஆனா அது நிக்காம நடக்கற ஆளோட கணக்கு, போட்டோ எடுக்கணும், சாப்பிடணும், அணில் பாக்கணும்னா ரெண்டரை மணி நேரம் வச்சுக்கங்க. டிசம்பர்ல அங்க மூணரை மணிக்கே சூரியன் மறைஞ்சுரும், ஜூன்ல ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜூன்தான் பெஸ்ட்டுன்னு உடனே டிக்கெட் போட்டுராதீங்க, ஜூன்லருந்து ஆகஸ்ட் வரைக்கும் மிட்ஜ்னு ஒரு பூச்சி இருக்கு, கொசுவுக்கு தம்பி, கண்ணுக்கே சரியா தெரியாது, ஆனா காத்து இல்லாத சாயங்காலத்துல கூட்டமா வந்து தலை முடிக்குள்ள பூந்து கடிக்கும். காத்து அடிச்சா வராது. என்னைக் கேட்டா மே மாசம், இல்லன்னா செப்டம்பர் கடைசி.

ஸ்டெப் 4: போட்டுக்கறது, கட்டி எடுத்துக்கறது

ஜீன்ஸ் வேண்டாம் (சொல்லிட்டேன்). சீக்கிரமா காயற டிராக் பேன்ட், மெல்லிசா ரெண்டு மூணு சட்டை, மேல தண்ணி புகாத ஜாக்கெட், அடி பிடிமானம் உள்ள ஷூ, அவ்வளவுதான். முதல் நடைக்கே முந்நூறு பவுண்டுக்கு பூட்ஸ் வாங்கறது வேஸ்ட்டு.

சாப்பாடு விஷயத்துல என்னோட அனுபவம், சாண்ட்விச் குளிர்ல அட்டை மாதிரி ஆயிரும், தயிர் சாதம் பல்லு கூசும். இட்லிதான். சுட்ட உடனே ரெண்டு பக்கமும் நல்லெண்ணெய்ல குழைச்ச மிளகாப்பொடி தடவி டப்பாவுல அடுக்கிருங்க, எண்ணெய் ஊறி சாயங்காலம் வரைக்கும் மெத்துனு இருக்கும். கூட ஒரு பிளாஸ்க் டீ. குப்பைய திரும்ப வீட்டுக்கு கொண்டு வந்துரணும், வாழைப்பழத் தோலையும் சேத்துத்தான்.

ஸ்டெப் 5: போய்ச் சேருங்க

எடின்பரோலருந்து அவிமோருக்கு ரயில்ல சுமார் மூணு மணி நேரம், இன்வர்னஸ்லருந்து முக்கால் மணி நேரம் கூட ஆகாது. ஸ்டேஷன்லருந்து ஏரிக்கு ஒரு 5 கிலோமீட்டர் இருக்கும். நடந்து போய் சுத்திட்டு நடந்து வந்தா 15 ஆயிரும், அது இன்னொரு நாளைக்கு. சைக்கிள் வாடகைக்கு எடுங்க இல்லன்னா டாக்ஸி.

ஸ்டெப் 6: வலம் வாங்க

கார் பார்க் ஏரியோட வடக்கு முனைல இருக்கு. தண்ணி தெரிஞ்ச உடனே இடது பக்கம் திரும்புங்க, அதாவது ஏரி உங்க வலது கைப்பக்கம் இருக்கணும், கோயில் சுத்தற மாதிரியேதான். பாதி பேரு நேரா வலது பக்கம் போய் பத்து நிமிஷத்துல கோட்டைய பாத்துட்டு அதோட திரும்பிருவாங்க. வலமா போனீங்கன்னா கோட்டை கடைசில வரும், அதுதான் ருசி. கைக்குழந்தை இருந்தாலோ மழை வர்ற மாதிரி இருந்தாலோ மட்டும் மாத்திப் போங்க.

கிழக்குக் கரை முழுக்க பைன் காடு. கலிடோனியன் காடுன்னு சொல்லுவாங்க, ஒரு காலத்துல ஹைலேண்ட்ஸ்ங்கற ஸ்காட்லாந்து மலைப்பகுதி பூரா பரவி இருந்த காட்டுல மிச்சம் இருக்கற துண்டுகள்ல ஒண்ணு. பக்கத்துல போய் பாருங்க, மரம் கீழ சாம்பலா யானைத் தோல் மாதிரி வெடிச்சு இருக்கும், மேல போகப் போக பட்டை ஆரஞ்சா மாறும், சாயங்கால வெயில் பட்டா காடே செங்கல் சூளை மாதிரி தெரியும். தரைல மெத்தை மாதிரி பாசி, அதுக்கு நடுவுல ஹெதர்னு ஊதாப் பூ பூக்கற குட்டிப் புதர்ச் செடி. சிவப்பு அணில் இங்க இருக்கு, கண்டுபிடிக்க ஒரு வழி, கீழ பாருங்க, கொறிச்சுப் போட்ட பைன் காய், தின்னு முடிச்ச மக்காச்சோளக் கட்டை மாதிரி நடுத்தண்டு மட்டும் மிச்சம் இருக்கும், அது புதுசா இருந்தா அப்படியே நின்னு மேல பாருங்க.

ரெண்டு இடத்துல மட்டும் குழப்பம் வரும். கிழக்குக் கரைல பாதி தூரம் தாண்டினதும் இடது பக்கம் ஒரு பாதை பிரியும், அது லேரிக் க்ரூ கணவாய்க்கு, மலைக்குள்ள கூட்டிட்டு போயிரும். அங்க தண்ணி பக்கமே ஒட்டி போங்க. அப்புறம் தெற்கு முனைல லாக் கம்னான்னு ஒரு குட்டி ஏரிய சுத்தற பாதை பிரியும், சேறு, முதல் தடவை விட்டுருங்க.

போன வருஷம் அம்மா ஊர்லருந்து வந்திருந்தாங்க, தஞ்சாவூர் பக்கம். சேலைக்குள்ள தெர்மல், மேல என் ரெயின் ஜாக்கெட், கால்ல ஸ்போர்ட்ஸ் ஷூ. கிழக்குக் கரைல ஒரு பாறைல உக்காந்து இட்லி சாப்பிட்டுக்கிட்டே ஏரியவே பாத்துட்டு இருந்தாங்க, நானும் அழகுல மயங்கிட்டாங்க போலன்னு நினைச்சேன். "ஏன்டா, இத்தனை தண்ணி இருந்தும் சுத்திமுத்தி ஒரு வயலக் காணோமேடா"ன்னாங்க.

ஸ்டெப் 7: கோட்டை

மேற்குக் கரைல திரும்பி வரும்போது மரத்துக்கு நடுவுல தண்ணிக்குள்ள திடீர்னு தெரியும். செஞ்சிக் கோட்டை நினைப்புல போனா ஏமாந்துருவீங்க. ஒரு குட்டித் தீவு, அது நிறைய கல்லுச் சுவரு, சுவருக்குள்ள மரம் முளைச்சு நிக்குது, அவ்வளவுதான். 14, 15-ம் நூற்றாண்டு காலத்து கட்டடம். பேடனாக்ங்கறது இந்தப் பகுதியோட பழைய பேரு, பேடனாக் ஓநாய்னு பட்டப்பேரு வாங்குன அலெக்சாண்டர் ஸ்டூவர்ட், ஸ்காட்லாந்து அரசர் ரெண்டாம் ராபர்ட்டோட மகன், 1390ல எல்ஜின் தேவாலயத்தையே எரிச்ச ஆளு, அவரோட கோட்டைன்னு ஊர்ல சொல்லுவாங்க. தீவு ஏன் அவ்வளவு சின்னதா இருக்குன்னா 18-ம் நூற்றாண்டுல வெட்டுன மரத்த ஆத்துல மிதக்க விட்டு கொண்டு போறதுக்காக ஏரில தண்ணி மட்டத்த ஏத்திட்டாங்க, சுத்தி இருந்த தரை முழுகிருச்சு.

அந்தச் சுவரு மேல ஆஸ்ப்ரேன்னு மீன் பிடிக்கற பருந்து கூடு கட்டிட்டு இருந்துச்சு. முட்டை சேகரிக்கற ஆளுங்க அத விடல, 19-ம் நூற்றாண்டு முடியறப்போ இங்கருந்து போயிருச்சு. 1950கள்ல திரும்பி வந்தது பக்கத்துல இருக்கற லாக் கார்டன் ஏரிக்கு, இந்தக் கோட்டைக்கு இல்ல.

நீந்தியோ தண்ணில இறங்கியோ தீவுக்குப் போகப் பாக்காதீங்க, தண்ணி கோடைலயும் ஐஸ். கரைல நின்னு ஒரு சத்தம் குடுங்க, சுவத்துல பட்டு எதிரொலி வரும், பழைய காலத்துலருந்தே இந்த இடம் அதுக்கு பேர் போனது. காத்து இல்லாத நேரம்தான் சரியா கேக்கும், அதே நேரம் மிட்ஜும் வரும்.

ஸ்டெப் 8: வீட்டுக்கு வந்ததும்

களைப்புல அப்படியே படுத்துராதீங்க. டிக்னு ஒரு உண்ணி, ஹெதர் செடிலயும் புல்லுலயும் இருக்கும், நம்மூர் நாய் உண்ணி மாதிரிதான், ஆனா கசகசா சைஸ்லயும் இருக்கும். சில உண்ணி கடிச்சா லைம் நோய்னு ஒரு பாக்டீரியா தொற்று வரும். குளிக்கும்போது முழங்கால் பின்பக்கம், இடுப்பு, அக்குள், குழந்தைங்களுக்கு காது பின்னாடியும் பாருங்க. ஒட்டியிருந்தா எண்ணெய் விடறது, நெருப்பு வைக்கறது எல்லாம் வேண்டாம், மெல்லிசு நுனி உள்ள ட்வீசர்ல தோலோட ஒட்டி பிடிச்சு நேரா மேல இழுங்க. அடுத்த சில வாரத்துக்குள்ள அந்த இடத்துல வட்டமா சிவப்பு பரவினா டாக்டர்கிட்ட நடை போன விஷயத்த சொல்லுங்க. அம்மா சேலைக் கரைல ரெண்டு இருந்துச்சு, கால்ல ஒண்ணும் இல்ல.