சிம்னியில ஸ்டவ் பைப்புக்கு ஓட்டை போடுறப்ப உள்ள இருக்குற களிமண் ஓடு உடையாம இருக்க

அமெரிக்கா, கனடா பக்கம் பழைய செங்கல் சிம்னி உள்ள வீட்டுல விறகு ஸ்டவ் வைக்கிறவங்களுக்கு இது. செங்கலுக்கு உள்ள சுட்ட களிமண் ஓடு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கும், பெரும்பாலும் 2 அடி உயரம், அதை சுத்தியலால அடிச்சா நீளமா விரிசல் விட்டுரும், அப்புறம் அந்த வழியா சூடும் புகையும் சுவர் மரத்துப் பக்கம் போகும், வீடு தீப்பிடிக்கிறதுக்கு அதுவே போதும்.

முதல்ல மேல இருந்து டார்ச் அடிச்சு ஓடுங்க சேர்ற இடம் எங்கன்னு பாருங்க, அங்க வெட்டவே வேணாம், ஒரு ஓட்டோட நடுப்பகுதியில வர்ற மாதிரி குறிச்சுக்குங்க. செங்கலைச் சுத்தி இருக்குற சாந்தைச் சுரண்டி, கல்லை மெதுவா எடுத்தா ஓடு வெளிய தெரியும். அதுல வட்டம் போட்டு, கோடு மேலயே சின்னச் சின்ன ஓட்டையா நெருக்கமா ட்ரில் பண்ணுங்க, ட்ரில்லோட ஹேமர் மோடு (இடிச்சுக்கிட்டே துளைக்கிறது) கண்டிப்பா ஆஃப்ல இருக்கணும். அப்புறம் நடுவுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா கிள்ளி எடுத்துட்டு ஓரத்துக்கு வாங்க. தூசி நுரையீரலுக்கு ரொம்ப கெடுதல், நல்ல மாஸ்க் இல்லாம ஆரம்பிக்காதீங்க.

திம்பிள் குழாயோட (ஸ்டவ் பைப் சிம்னிக்குள்ள நுழையுறதுக்கு அந்த ஓட்டையில வைக்கிற உறைக் குழாய்) முனை ஓட்டோட உள்பக்கத்துக்குச் சமமா நிக்கணும், உள்ள நீட்டிக்கிட்டு இருந்தா புகை போற வழிய அடைக்கும். இடைவெளிய சூடு தாங்குற சாந்து வச்சு அடைங்க, சாதா சிமெண்ட் வேணாம். ஒத்தைச் சுவர் (ஒரே அடுக்குத் தகடு) ஸ்டவ் பைப்புக்கும் மரத்துக்கும் 18 இன்ச் இடைவெளி விடுங்க.