கவரை ஒட்டுவதற்கு முன்னால்: தபால் ஓட்டில் நடக்கும் தவறுகள்

ஓட்டு எண்ணும் மையத்தில் ஒருமுறை எனக்குத் தபால் ஓட்டு மேசையில் வேலை விழுந்தது. காலை எட்டு மணிக்கு முதலில் பிரிப்பது தபால் ஓட்டைத்தான். பெரிய கவர் ஒன்றைக் கத்தரித்தேன். உள்ளே சின்ன கவர் மட்டும் இருந்தது. கூடவே இருக்க வேண்டிய உறுதிமொழிப் படிவத்தைக் காணோம். சின்ன கவரைத் தடவிப் பார்த்தால் ஒரு சீட்டுக்கு உரிய தடிமனை விட அதிகமாக இருந்தது. படிவத்தையும் ஓட்டுச் சீட்டோடு சேர்த்து மடித்து ஒட்டிவிட்டார் என்பது சுற்றி நின்ற ஏஜென்டுகள் எல்லோருக்கும் புரிந்தது. ஆனாலும் திறக்கக் கூடாது. படிவம் வெளியே இருந்து, அதில் எல்லாம் சரியாக இருந்தால்தான் சின்ன கவரில் கை வைக்க முடியும். நிராகரிப்பு என்று எழுதித் தனியாக வைத்தோம். கவர் மேல் எழுதியிருந்த எண்கள் கோடு போட்ட நோட்டில் எழுதியது போல அத்தனை அழகு. நிச்சயம் யாரோ ஒரு டீச்சர்.

நானும் டீச்சர்தான். பல தேர்தல்களில் டியூட்டி பார்த்ததில் புரிந்தது இதுதான்: பூத்தில் நாம் தப்பு செய்தால் அங்கேயே திருத்த நாலு பேர் இருப்பார்கள். தபால் ஓட்டில் கவரை ஒட்டிய பிறகு யாரும் கிடையாது.

முதல் தவறு, தபால் ஓட்டு எல்லோருக்கும் உண்டு என்று நினைப்பது. பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி மகன் ஒவ்வொரு தேர்தலுக்கும் என்னிடம் கேட்பான், "அத்தை, எனக்கும் ஒரு கவர் வாங்கித் தர முடியாதா?" முடியாது. தேர்தல் பணியில் இருப்பவர்கள், ராணுவம் போன்ற சேவையில் இருப்பவர்கள், ஆணையம் அறிவிக்கும் அத்தியாவசியப் பணிக்காரர்கள், 85 வயதைத் தாண்டியவர்கள், 40 சதவீதமோ அதற்கு மேலோ உடல் குறைபாடு உள்ளவர்கள் எனப் பட்டியல் சின்னதுதான். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் படிவம் 6ஏ கொடுத்துப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஓட்டுப் போட பாஸ்போர்ட்டோடு சொந்த ஊர் பூத்துக்கு நேரில்தான் வர வேண்டும்.

எங்களைப் போன்ற டியூட்டி ஆட்கள் சறுக்குவது பயிற்சி வகுப்பிலேயே தொடங்கிவிடும். படிவம் 12 தபால் ஓட்டுக்கு, 12ஏ இ.டி.சி. என்கிற தேர்தல் பணிச் சான்றுக்கு. நாடாளுமன்றத் தேர்தலில் நம் ஓட்டு உள்ள தொகுதிக்குள்ளேயே டியூட்டி விழுந்தால் இ.டி.சி. வாங்கி, வேலை பார்க்கும் பூத்திலேயே மெஷினில் போட்டுவிடலாம். வேறு தொகுதி என்றால் தபால் ஓட்டு. இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டு, கடைசியில் எதுவும் கையில் வராமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். படிவம் 12 தேர்தலுக்கு ஏழு நாள் முன்பும், 12ஏ நாலு நாள் முன்பும் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. வாக்காளர் பட்டியலில் உள்ள பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் ஞாபகத்தில் இருந்து எழுதாதீர்கள். பட்டியலைத் திருத்தும்போது அவை மாறும். டியூட்டிக்குக் கிளம்பும் முன் ஆன்லைனில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இ.டி.சி. வாங்கியவர்களுக்கு வேறு மாதிரி ஆபத்து. காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவில் ஆரம்பித்தால் தலை நிமிர நேரமிருக்காது. ஒருமுறை மாலை ஐந்து மணிக்குத்தான், பையில் வைத்திருந்த சான்று எனக்கு ஞாபகம் வந்தது. ஊரையே ஓட்டுப் போட வைத்துவிட்டு நான் மட்டும் போடாமல் கிளம்பியிருப்பேன்.

சரி, கவருக்கு வருவோம். கையில் வருவது நாலு சமாச்சாரம்: ஓட்டுச் சீட்டு, 13ஏ என்கிற உறுதிமொழிப் படிவம், 13பி என்கிற சின்ன கவர், 13சி என்கிற பெரிய கவர். சின்ன கவருக்குள் சீட்டு மட்டும் போகும். அந்தச் சீட்டின் வரிசை எண்ணைச் சின்ன கவர் மேலும், படிவத்திலும் எழுத வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் கவரைத் திறக்கவே மாட்டார்கள். பிறகு சின்ன கவரும் படிவமும் தனித்தனியாகப் பெரிய கவருக்குள். ஒட்டுவதற்கு முன் மேசை மேல் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.

சீட்டில் டிக் போட்டாலும் சரி, பெருக்கல் குறி போட்டாலும் சரி, யாருக்கு என்பது தெளிவாக இருந்தால் போதும். இரண்டு பெயருக்கும் நடுவே கோட்டின் மேல் விழுந்தால்தான் வம்பு. அப்புறம், பழக்கதோஷத்தில் சீட்டின் அடியில் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. வாழ்நாள் முழுக்க ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்ட கை அது! ஓட்டுப் போட்டவர் யார் என்று காட்டும் எந்த எழுத்தும் சீட்டைச் செல்லாததாக்கிவிடும். கையெழுத்து போக வேண்டிய இடம் படிவம் மட்டும்தான்.

படிவத்தில் நம் கையெழுத்து மட்டும் போதாது, அது நம்முடையதுதான் என்று ஒரு அதிகாரி போடும் சான்றொப்பமும் வேண்டும். இதன் விலை என்ன என்பதற்கு ராதாபுரம் தொகுதியே சாட்சி. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை வென்றது வெறும் 49 ஓட்டு வித்தியாசத்தில். நிராகரித்த தபால் ஓட்டுகள் 203. அவற்றுக்குச் சான்றொப்பம் போட்ட தலைமையாசிரியர்களை கெஜட்டட் ஆபீஸராக ஏற்க முடியாது என்பதுதான் சொன்ன காரணம். வழக்கு நடந்து, 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஓட்டுப் போட்டவர்கள் செய்த தப்பு என்று அதில் எதைச் சொல்வது? பக்கத்தில் இருந்த ஹெட்மாஸ்டரிடம் நம்பிக் கையெழுத்து வாங்கினார்கள், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் கவரை வீட்டுக்கு எடுத்துப் போய், எண்ணிக்கை நாள் காலை எட்டு மணிக்குள் கிடைக்கிற மாதிரி அனுப்பலாம். 2021இல் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 6, எண்ணிக்கை மே 2. இவ்வளவு நாள் இருக்கிறதே என்று பீரோவில் வைத்து மறந்தவர்கள் எங்கள் பள்ளியிலேயே இருந்தார்கள். 2023இல் விதியைத் திருத்தினார்கள். இப்போது தேர்தல் பணியாளர்கள், அதற்கென்று அமைக்கும் வசதி மையத்திலேயே சீட்டை வாங்கி, குறித்து, பெட்டியில் போட்டுவிட வேண்டும். சான்றொப்பம் போடவும் அங்கேயே ஆள் இருப்பார். அலைச்சல் மிச்சம். ஆனால் மையம் நடக்கும் தேதியைத் தவறவிட்டால் ஓட்டு போச்சு. தபால் ஓட்டு வாங்கியவர் பெயருக்கு நேரே பட்டியலில் பி.பி. என்று குறித்துவிடுவார்கள், பூத்துக்குப் போனாலும் போட முடியாது.

நேரில் போடுகிறவர்களுக்குச் சுருக்கமாக: பூத் சிலிப் அடையாள ஆவணம் ஆகாது, வாக்காளர் அட்டையோ ஆதார் போன்ற வேறொன்றோ கையில் வேண்டும். அட்டை இருப்பதால் மட்டும் பட்டியலில் பெயர் இருக்கும் என்று அர்த்தமில்லை. பட்டனை அழுத்தியதும் ஓடாதீர்கள். பக்கத்துக் கண்ணாடியில் சீட்டு ஏழு வினாடி தெரியும், பாருங்கள். உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால் சண்டை போட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். 49P விதிப்படி ஆய்வுக்குரிய வாக்குச் சீட்டு கேளுங்கள், தர வேண்டும்.

வீட்டிலிருந்தே போடும் பெரியவர்கள் விஷயத்தில் அவர்களைக் கேட்காமல் பிள்ளைகள் முடிவு செய்வதைத்தான் நான் தவறு என்பேன். நானே செய்தேன். 2024இல் அம்மாவுக்கு 87 வயது. பி.எல்.ஓ. என்கிற வாக்குச்சாவடி நிலை அலுவலர் கொண்டுவந்த, வீட்டிலிருந்தே ஓட்டுப் போடக் கேட்கும் 12டி படிவத்தில், வெயிலில் எதற்கு அலைச்சல் என்று நானே கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன். அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்ற அவசரம் வேறு. குழு முதல் தடவை வந்தபோது அம்மா தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். இரண்டாவது தடவையும் ஆள் இல்லாவிட்டால் மறுபடி வர மாட்டார்கள். நல்லவேளை, இருந்தாள். அலுவலர்கள், போலீஸ், வீடியோ எடுப்பவர் என்று கூடம் நிறைந்துவிட்டது. அட்டை மறைப்புக்குப் பின்னால் குனிந்து குறித்து, மடித்துக் கொடுத்தாள். அவர்கள் படியிறங்கியதும் என்னிடம் கேட்டாள், "பீப்புனு சத்தமே வரலையேடி, ஓட்டு விழுந்துச்சா இல்லையா?"

ஏப்ரல் 19, ஓட்டுப்பதிவு அன்று நான் டியூட்டியில் இருந்தேன். அம்மா காலையிலேயே புடவை மாற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவோடு பூத்துக்குக் கிளம்பி வாசலில் நின்றாளாம். தம்பிதான் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்திருக்கிறான்.