கட்டார் போகிறவர்களுக்கு: விசா வந்தால் போதாது, ஐடி கைக்கு வரவேண்டும்

எங்கள் பக்கத்தில் களுவாஞ்சிகுடியோ கல்முனையோ அக்கரைப்பற்றோ, ஒரு வீட்டில் "விசா வந்திட்டு" என்றால் அன்றைக்கே சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் போய்விடும். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த விசா உங்களைக் கட்டாருக்குள் இறக்கிவிடுகிற ஒரு தாள். அதற்குப் பிறகு அங்கே சட்டப்படி வசிக்கவும், வங்கிக் கணக்குத் திறக்கவும், சொந்தப் பெயரில் சிம் வாங்கவும், ஆஸ்பத்திரிக்கு ஹெல்த் கார்ட் எடுக்கவும் வதிவிட அனுமதி வேண்டும். நம் ஆட்கள் "ஐடி அடிக்கிறது" என்று சொல்வது அதைத்தான். கம்பனிதான் அதை எடுத்துத் தரும், நீங்களாகப் போய் விண்ணப்பிக்க வழியில்லை. ஆகவே ஐடி ஒழுங்காக வருமா வராதா என்பது, நீங்கள் ஊரில் இருக்கும்போதே, எந்தக் கம்பனியின் எந்த விசாவை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும். நான் ஒன்பது வருஷம் தோஹாவில் வேலை செய்தவன், அங்கே கண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் "ஃப்ரீ விசா". ஒரு கம்பனி தன் பெயரில் விசா எடுக்கும், அங்கே வேலை இருக்காது, அந்த விசாவைத் தரகர் கை மாற்றிக் கை மாற்றி உங்களுக்கு விற்பார், "போய் இறங்கு, வெளியில் நல்ல சம்பளத்துக்கு வேலை பிடிக்கலாம்" என்பார். கட்டார் சட்டப்படி, அனுமதி இல்லாமல் வேறு முதலாளியிடம் வேலை செய்வது குற்றம். என் சின்னம்மாவின் மகன் இப்படித்தான் போனான். தாயின் தாலிக்கொடியையும் அடகு வைத்துக் காசு கட்டினார்கள். போய் இறங்கிய பிறகு அந்தக் கம்பனியின் வாசலைக்கூட அவன் காணவில்லை, ஐடியும் அடிக்கவில்லை, ஏழு மாதம் ஒளித்து ஒளித்து வேலை செய்து கடைசியில் பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டான். தாலிக்கொடி இன்னும் மீளவில்லை. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறவரையும் இதே கண்ணோடு பாருங்கள்.

அப்போ எப்படிச் சரிபார்ப்பது? ஊருக்குள் வீடு வீடாக வருகிற ஆள் பெரும்பாலும் சப் ஏஜென்ட், அவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்காது. ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள், அந்த வேலைக்கென்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் கொடுத்த அனுமதியையும் கேளுங்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருப்பார், காட்டினால் பார்த்துச் சொல்வார். பணியகத்தின் 1989 இலக்கத்துக்கும் அடிக்கலாம். விசா கைக்கு வந்ததும் கட்டார் உள்துறை அமைச்சின் இணையத்தளத்தில் விசா இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். உங்களுக்குச் சொன்ன தொழில்தான் அதிலும் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

பெயர் விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா, எம்.ஐ.எம். என்பதன் விரிவு என்ன, முகம்மது என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி இருக்கும். ஐடியில் வருவது பாஸ்போர்ட்டில் உள்ள பெயர். கல்விச் சான்றிதழ் கேட்கிற வேலை என்றால் இந்த வித்தியாசமே பெரிய தலையிடி, ஏனென்றால் சான்றிதழை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, அப்புறம் கட்டார் தூதரகத்துக்கும் கொண்டு போகவேண்டி வரும். திருத்தம் இருந்தால் விசாவுக்கு முன்பே செய்து முடியுங்கள்.

அடுத்தது கொழும்பில் இருக்கும் கட்டார் விசா நிலையம். 2018 இல் திறந்தது. கைரேகை, மருத்துவப் பரிசோதனை, வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து எல்லாம் அங்கேதான், அதற்கான செலவு முதலாளியுடையது, உங்களிடம் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். கல்முனையில் இருந்து இரவு பஸ்ஸில் வந்து, தூக்கக் கலக்கத்தோடு வரிசையில் நின்று, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒப்பந்தம்தான் பிறகு உங்கள் வதிவிட அனுமதிக்கும் சம்பளத்துக்கும் அடிப்படை. விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். தொழில், அடிப்படைச் சம்பளம், தங்குமிடம், சாப்பாடு இந்த நாலையும் வாசித்த பிறகே பேனையைப் பிடியுங்கள். 2021 மார்ச் தொடக்கம் அங்கே குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். கம்பனி தங்குமிடம் தராவிட்டால் அதற்கு 500, சாப்பாடு தராவிட்டால் 300 ரியால் மேலதிகமாகத் தரவேண்டும். ஏஜென்சி சொன்னதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் "அங்கே போனால் கூட்டித் தருவார்கள்" என்ற கதையை நம்பிக் கையெழுத்து வைக்காதீர்கள். முன்பு சயரோகம் வந்தவர்கள் நகையை அடகு வைப்பதற்கு முன்பே மார்புச் சிகிச்சை நிலையத்தில் காட்டிக்கொள்வது நல்லது, நெஞ்சுப் படத்தில் தழும்பு தெரிந்து பரிசோதனையில் நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் (நம் ஆட்கள் பீரோ என்பது) பதியாமல் விமானம் ஏறவேண்டாம். பதிவோடு காப்புறுதியும் வரும், பதிவில்லாமல் போனவருக்கு அங்கே ஒன்று நடந்தால் குடும்பம் அலைகிற அலைச்சலைச் சொல்லி முடியாது.

சரி, இறங்கியாச்சு. இப்போது நாட்களை எண்ணத் தொடங்குங்கள். 2015 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி, நீங்கள் கட்டாருக்குள் நுழைந்து 30 நாட்களுக்குள் கம்பனி வதிவிட அனுமதி வேலையை முடிக்கவேண்டும். நுழைந்த திகதி முத்திரையைப் போனில் படம் எடுங்கள். கொழும்பில் செய்திருந்தாலும், அங்கே மருத்துவப் பரிசோதனைக்கோ கைரேகைக்கோ திரும்பக் கூப்பிட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாவது கிழமை முடிந்தும் ஒருவரும் கூப்பிடவில்லை என்றால் நீங்களே போய்க் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் எழுதியும் கேளுங்கள், எழுத்தில் இருப்பது பிறகு உதவும். 30 நாளும் தாண்டினால் பேசாமல் இருக்கவேண்டாம். தோஹாவில் இலங்கைத் தூதரகத்தின் தொழிற் பிரிவுக்கும் கட்டார் தொழில் அமைச்சுக்கும் போகலாம். தவறு கம்பனியுடையது, பயப்பட ஒன்றுமில்லை.

ஐடி வேலை முடிந்ததும் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரவேண்டும், நீங்களே எழுதிக் கேட்டால் மட்டும்தான் கம்பனி வைத்திருக்கலாம். அதனால் அரபியில் இருக்கிற ஏதாவது கடுதாசியில் கையெழுத்துக் கேட்டால் என்னவென்று கேளுங்கள். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தால் 25,000 ரியால் வரை தண்டம் இருக்கிறது.

வேலை மாறுவதற்குப் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் 2020 இல் எடுபட்டுப்போனது. முதல் இரண்டு வருஷத்துக்குள் என்றால் ஒரு மாத அறிவித்தல், அதற்குப் பிறகு இரண்டு மாதம். சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப்போனால் ஓடிப்போனவர் என்று கம்பனி முறைப்பாடு கொடுத்துவிடலாம், அது பெரிய சிக்கல்.

ஐடி கிடைத்த அன்றே இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். லீவில் வருகிறவர்கள் அதிலுள்ள முடிவுத் திகதியைப் பார்த்துத்தான் டிக்கெட் போடவேண்டும். அம்மாவுக்குச் சுகமில்லை, வீட்டு வேலை முடியவில்லை என்று நாட்கள் நீளும், ஆனால் ஆறு மாதத்துக்குமேல் கட்டாருக்கு வெளியே நின்றால் அந்த அனுமதி செல்லாமல் போய்விடும். நிற்கவேண்டிய கட்டாயம் என்றால் ஆறு மாதம் முடிவதற்கு முன்பே கம்பனியோடு கதையுங்கள்.