கற்பனை உலகின் கொடுவிலங்குக்கு வாழ்வியல் அமைப்பது எப்படி?

கற்பனை உலகத்துக்கு ஒரு கொடுவிலங்கைப் படைக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் பல்லிலும் நகத்திலும் தொடங்குகிறார்கள். வயிற்றில் தொடங்குங்கள். எவ்வளவு தின்னும், அதற்கு எவ்வளவு காடு வேண்டும் என்ற கணக்கு கைக்கு வந்துவிட்டால், உடலமைப்பு, குட்டி வளர்ப்பு, நடத்தை, பக்கத்து ஊர்களின் அச்சம் எல்லாம் அதிலிருந்தே கிளைக்கும். 'கரிமுதுகன்' என்று ஒரு விலங்கை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓநாய்ச் சாயல், ஓநாயைப் போல மூன்று மடங்கு நீளம், வாழிடம் வெப்பமான மலையடிவாரக் காடு.

முதலில் எடை. நீளம் மூன்று மடங்கானால் உயரமும் அகலமும் கூடவே பெருகும். எடை 27 மடங்காகிவிடும். 40 கிலோ ஓநாய் 1,080 கிலோ ஆகிறது. ஆனால் காலெலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 9 மடங்குதான் கூடும். எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பைவிட மூன்று மடங்கு சுமக்க வேண்டும் என்று பொருள். இதைக் கலிலியோ 1638-லேயே எழுதிவிட்டார். ஆகவே ஓநாயை அப்படியே பெரிதாக்கி வரைந்தால் அந்த விலங்கு முதல் பாய்ச்சலிலேயே காலை முறித்துக்கொள்ளும். எலும்பைத் தடிப்பாக்குங்கள், கால்களை மடக்காமல் நேராக ஊன்றுங்கள். அப்படிச் செய்ததும் குதிக்கும் திறன் போய்விடும். யானையால் குதிக்க முடியாது. கரிமுதுகன் மைல்கணக்கில் துரத்தாது, பதுங்கியிருந்து சிறு தூரம் ஓடி மோதும். தோலின் பரப்பும் 9 மடங்குதான் என்பதால் உள்ளே பிறக்கும் சூடு வெளியேறவும் வழி குறைவு. அடர்ந்த நீள முடியை எடுத்துவிடுங்கள். பகலில் சேற்றில் கிடக்கட்டும், இருட்டிய பிறகு வேட்டைக்குக் கிளம்பட்டும்.

இனி தீனி. இதற்குக் கிளைபர் விதி உதவும்: எடையை (கிலோவில்) 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கினால், ஓய்வாகக் கிடக்கும் பாலூட்டி ஒரு நாளில் செலவிடும் கிலோகலோரி தோராயமாகக் கிடைக்கும். கரிமுதுகனின் எடையை 1,000 கிலோ என்று முழுமையாக்கிக்கொண்டால் அது சுமார் 12,400. நடமாடி வேட்டையாடும் விலங்குக்கு இரண்டு மடங்காக, 25,000 என்று கொள்ளலாம். கொழுப்புக் குறைந்த இறைச்சி கிலோவுக்கு 1,500 கிலோகலோரி தரும் என்றால், நாளுக்கு 17 கிலோ. ஆண்டுக்கு ஆறு டன்னுக்கு மேல்.

ஆறு டன் மான் இருந்தால் போதுமா என்றால் போதாது. மந்தை குட்டி போட்டு ஈடுகட்டும் அளவுக்குள்தான் தின்ன முடியும். அந்த அளவிலும் நோய்க்கும் பஞ்சத்துக்கும் மற்றக் கொன்றுண்ணிகளுக்கும் பங்கு உண்டு. பாலூட்டி ஊனுண்ணிகளை ஆராய்ந்து கார்போனும் கிட்டில்மேனும் 2002-ல் வெளியிட்ட கணக்குப்படி, 10,000 கிலோ இரைவிலங்கு இருக்கும் இடத்தில் சுமார் 90 கிலோ ஊனுண்ணி பிழைக்கும். ஒரு கரிமுதுகனுக்கு 110 டன் இரை. 50 கிலோ மானாக எண்ணினால் 2,200 மான்கள். உங்கள் காட்டில் சதுர கிலோமீட்டருக்கு 2,000 கிலோ இரை இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு விலங்குக்கு 55 சதுர கிலோமீட்டர்.

ஒற்றை விலங்கு இனமாகாது. நெருங்கிய உறவு விலங்குகள் தமக்குள் சேர்வதால் வரும் கேட்டைக் குறுகிய காலத்துக்காவது தவிர்க்க 50 இனப்பெருக்க விலங்குகள் வேண்டும், நெடுங்காலம் நிலைக்க 500 வேண்டும் என்பது 1980-ல் மரபியலாளர் ஃபிராங்க்ளின் சொன்ன தோராய விதி. குறைந்தபட்சமான ஐம்பதுக்கே 2,750 சதுர கிலோமீட்டர்; பக்கத்துக்கு 52 கிலோமீட்டர் உள்ள ஒரு சதுரம். உங்கள் வரைபடத்தை விரித்து அந்தச் சதுரத்தை வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கொடுவிலங்குகள் அடிபடுவது இந்த இடத்தில்தான்: மூன்று மைல் அகலமுள்ள காட்டில் பத்து அரக்க மிருகங்கள், தின்ன ஒன்றுமில்லை.

இடம் போதாவிட்டால் எடையைக் குறையுங்கள். அல்லது குளிர் இரத்த விலங்காக்குங்கள். ஒரே எடையுள்ள பாலூட்டியின் தீனியில் பத்தில் ஒரு பங்கு ஊர்வனவுக்குப் போதும். கொமோடோ உடும்பு ஒரே வேளையில் தன் எடையில் 80 சதவீதம் வரை விழுங்கிவிட்டு நாள்கணக்கில் கிடக்கும். ஆனால் அப்போது வெயில் கட்டாயம், விடியற்காலையில் உடல் மந்தமாக இருக்கும், பனிமலை உச்சி பொருந்தாது. மந்திர ஆற்றலால் வாழ்கிறது என்று எழுதுவதானாலும் அதையும் தீனியாகவே கணக்கில் வையுங்கள்: எங்கே ஊறுகிறது, எப்போது வற்றுகிறது, வற்றினால் விலங்கு எங்கே போகும்?

குட்டிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரிய பாலூட்டி மெதுவாகவே பெருகும். யானையின் கருக்காலம் சுமார் 22 மாதம். ஐம்பதில் 25 பெண், நான்காண்டுக்கு ஒரு குட்டி என்றால் ஆண்டுக்கு ஆறு குட்டிகள். பாதி செத்தால் மூன்று மிஞ்சும். மூப்பிலும் சண்டையிலும் சாகும் பெரியவற்றுக்கு அந்த மூன்றும் ஈடாகிவிடும். வீரர்கள் ஆண்டுக்கு இரண்டைக் கொன்றாலே இனம் சரியும். இளம் விலங்கு எங்கே ஒளிகிறது என்பதையும் முடிவு செய்யுங்கள். கொமோடோ உடும்பின் குஞ்சுகள் பெரியவற்றின் வாய்க்குத் தப்ப மரத்தில் வாழ்கின்றன. இந்த ஒரு செய்தி உங்கள் கதைக்கு இரண்டு வேறு ஆபத்துகளைத் தரும்: தரையில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று.

நெருப்பு உமிழ வைக்க ஆசைப்பட்டால் பாம்பார்டியர் வண்டைப் பாருங்கள். ஹைட்ரோகுயினோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஒரு பையில் சேமித்து, நொதிகள் உள்ள இன்னொரு அறைக்குள் தள்ளி, ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசில் பீய்ச்சுகிறது. சேமிப்பறை, வினையறை, திரும்ப ஊற எடுக்கும் காலம் ஆகிய மூன்றையும் உங்கள் விலங்குக்கும் எழுதுங்கள். யாருக்கு எதிராக என்பதையும் சொல்லுங்கள். காட்டைக் கொளுத்தினால் இரை ஓடிவிடும், அதனால் வேட்டைக்கு அது உதவாது; போட்டிக்கு வரும் தன் இனத்தை விரட்டவும் குட்டியைக் காக்கவும் பயன்படும்.

கால் நான்கும் சிறகு இரண்டும் வைத்தால் ஆறு உறுப்பு. அப்படியானால் அதே பரிணாமக் கிளையில் ஆறு உறுப்புள்ள சிறு பிராணிகளும் உலகில் இருக்க வேண்டும். நிறம், கண், வால் எல்லாம் வாழிடத்தைப் பார்த்துக் கடைசியில் தேர்ந்தால் போதும்.

குறிப்பை எழுதும்போது மக்கள் பார்க்கும் வரிசையில் எழுதுங்கள். விலங்கை நேரில் பார்த்தவர் சிலரே. தடம், சாணம், மிச்ச எலும்பு, சேற்றுக்குழி, மரத்தில் உரசிய உயரம், தொலைவில் கேட்கும் ஒலி ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள். சாணத்தில் என்ன முடி இருக்கிறது என்பதைக் குறிப்பிட்டால் அது என்ன தின்கிறது என்று தனியே சொல்லத் தேவையில்லை. மிச்சத்தைத் தின்னும் பறவை, தோலில் ஒட்டும் உண்ணி இரண்டையும் சேருங்கள். பிறகு இரண்டு ஏடு வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் விலங்கு உண்மையில் எப்படி வாழ்கிறது என்பது, மற்றதில் ஊரார் அதைப் பற்றி நம்புவது. ஊரார் நம்பும் ஒவ்வொரு தவறுக்கும் முதல் ஏட்டில் ஒரு காரணம் இருக்கட்டும். கரிமுதுகன் பகலில் மண்ணுக்குள் புதைந்துவிடும் என்று அவர்கள் சொன்னால், அது சேற்றில் மூக்கு மட்டும் தெரியக் கிடந்ததை யாரோ பார்த்திருக்க வேண்டும்.