வெளிநாட்டு விருப்பப் பயிற்சியில் பல துறை மாணவர்கள் சேர்ந்து கற்க வழிசெய்வது எப்படி?

மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் எனப் பல துறை மாணவர்களை ஒரே வெளிநாட்டு மருத்துவமனைக்கு, மாணவர்கள் தாமே விரும்பித் தேர்ந்தெடுக்கும் சில வார விருப்பப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டால் அவர்கள் தாமாகவே ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வார்கள் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். நான் ஒருங்கிணைத்த முதல் குழுவினர் ஒரே விடுதியில் தங்கினார்கள், ஒரே வண்டியில் போய்வந்தார்கள். ஆனால் மருத்துவமனை வாசலில் இறங்கியதும் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து தத்தம் துறை மேற்பார்வையாளரிடம் போய்விட்டார்கள். ஊர் திரும்பியதும் நால்வரும் தந்த நான்கு அறிக்கைகளில் ஒன்றில்கூட மற்ற மூவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட செயல்பாட்டுக் கட்டமைப்பு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறையினர் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்பதையே துறைகளிடைக் கல்வி என்கிறது. நல்ல ஒத்துழைப்பும் அதன்வழி நோயாளியின் நலனுமே அதன் நோக்கம். இம்மூன்றில் ஒருவரோடு ஒருவர் கற்பதற்கு ஓர் அறையும் நாற்காலிகளும் போதும். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதுதான் தானாக நடக்காது. அதற்குத் திட்டம் வேண்டும்.

ஏற்பாடுகளைக் குறைந்தது ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியின் வழக்கமான மூன்று தவணைகளே 0, 1, 6 மாதங்கள் என்ற இடைவெளியில் போடப்படுகின்றன என்பதால் அதற்குக் குறைந்த காலம் போதாது. நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறுதலாகத் தம் கையில் குத்திவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து எங்கே கிடைக்கும் என்பதும் புறப்படும் முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் அம்மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை விரைவாக, தொடங்கியாக வேண்டும். இந்த விவரங்கள் மருத்துவ மாணவர்களோடு நின்றுவிடாமல் குழுவின் ஒவ்வொருவரிடமும் போய்ச் சேர்ந்தனவா என்று நீங்களே சரிபாருங்கள்.

அடுத்தது கால அட்டவணை. என் அனுபவத்தில் பெரும்பாலான திட்டங்கள் கொள்கையில் தோற்பதில்லை, அட்டவணையில்தான் தோற்கின்றன. செவிலிய மாணவருக்குக் கையொப்பமிட்ட பயிற்சி நேரக் கணக்கு தேவைப்படும். மருத்துவ மாணவருக்கு அந்தக் கட்டாயம் இல்லாமல் இருக்கலாம். கூட்டுக் கற்றலுக்கான நேரம் எல்லாத் துறையினருக்கும் பயிற்சி நேரமாகவே கணக்கிடப்படும் என்று ஒவ்வொரு துறைத் தலைவரிடமும் எழுத்தில் பெற்றுவிடுங்கள். கணக்கில் வராத வேலையை மாணவர்கள் இரண்டாம் வாரத்திலேயே கைவிட்டுவிடுவார்கள். அதற்காக அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

மருத்துவமனைக்குப் போனபின் செய்ய வேண்டியவற்றில் முதன்மையானது, குழுவுக்கு ஒரு பொது நோயாளியைத் தருவது. வாரத்துக்கு ஒருவர் போதும். நோயாளியின் சம்மதத்தைப் பெற்று, ஒவ்வொரு மாணவரும் தம் துறையின் கண்ணால் அவரைத் தனியாகப் பார்த்து, பிறகு ஒரே பராமரிப்புத் திட்டத்தைச் சேர்ந்து எழுத வேண்டும். பக்கவாதம் வந்த முதியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மருத்துவ மாணவர் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையைத் திட்டத்தில் எழுதுகிறார். முதியவர் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமுவதைச் செவிலிய மாணவி கவனித்திருக்கிறார்; விழுங்கும் திறனைச் சோதிக்கும் வரை வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்கிறார். அப்படியானால் பொடித்து மூக்குக் குழாய் வழியே கொடுக்கலாமே என்கிறார் மருத்துவ மாணவர். அது மெதுவாகக் கரையும் வகை மாத்திரை, பொடித்தால் முழு அளவும் ஒரேயடியாக உடலில் சேர்ந்துவிடும் என்று மருந்தியல் மாணவர் தடுக்கிறார். எந்தக் கோணத்தில் உட்காரவைத்து உணவு கொடுக்க வேண்டும் என்பதை இயன்முறை மாணவி காட்டும்போதுதான், இதையெல்லாம் இரவில் செய்யப்போவது கட்டிலருகே இருக்கும் மகள் என்பதும், அவரிடம் இதுவரை யாரும் பேசவில்லை என்பதும் நால்வருக்கும் உறைக்கிறது. ஒரு மாத்திரையைச் சுற்றி நடக்கும் இந்தப் பேச்சுக்கு இணையான விரிவுரையை நான் கேட்டதில்லை. ஒன்று மட்டும்: மாணவர்கள் எழுதுவது பயிற்சித் திட்டமே, பொறுப்பில் உள்ள மருத்துவரோ செவிலியரோ ஏற்காமல் அதில் எதுவும் நோயாளியிடம் போகக் கூடாது.

அன்று மாலையே நாற்பது நிமிடம் ஒதுக்கிக் குழுவை உட்காரவையுங்கள். நடத்துபவர்கள் இருவராக, வெவ்வேறு துறையினராக, அவர்களில் ஒருவராவது அந்த மருத்துவமனையைச் சேர்ந்தவராக இருப்பது நல்லது. மருத்துவ மாணவரைக் கடைசியாகப் பேசவிடுங்கள். இது சிறு தந்திரம்தான். ஆனால் அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அவர் சொன்னதற்குத் தலையாட்டுவதோடு நின்றுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். “இன்று இன்னொரு துறையினர் சொன்னதால் உங்கள் முடிவில் எது மாறியது?” என்ற ஒரே கேள்வி போதும். எதுவும் மாறவில்லை என்று எல்லோரும் சொன்னால், தேர்ந்தெடுத்த நோயாளி பொருத்தமானவரல்லர் என்று கொள்ளுங்கள்.

வெளிநாடு என்பதால் கிடைக்கும் தனிப்பயனும் இங்கேதான் இருக்கிறது. தன் நாட்டில் பேச்சு சிகிச்சையாளர் செய்யும் வேலையை இங்கே செவிலியர் செய்யலாம். மருத்துவர் மட்டுமே செய்வதாக நினைத்திருந்ததை வேறு பயிற்சி பெற்ற பணியாளர் திறம்படச் செய்துகொண்டிருக்கலாம். துறைகளின் எல்லைகள் இயற்கையாக அமைந்தவையல்ல, சட்டமும் ஆள்வளமும் வழக்கமும் சேர்ந்து வகுத்தவை என்பது அப்போது புரியும். முதல் வாரத்தில் ஒவ்வொரு மாணவரும் தம்முடையதல்லாத ஒரு துறைப் பணியாளரின் பின்னால் ஒரு முழுநாள் நடக்கட்டும். மொழிபெயர்ப்பாளருடன் கழிக்கும் நாளையும் இதில் சேர்ப்பேன். அவரைக் குழுவின் உறுப்பினராகக் கருதாதவர்கள் நோயாளி சொன்னதில் பாதியை இழக்கிறார்கள்.

ஒவ்வொரு மாணவரும் எதைச் செய்யலாம், எதை மேற்பார்வையில் மட்டும் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, வார்டுப் பொறுப்பாளரிடமும் குழுவின் மற்றவர்களிடமும் கொடுங்கள். ஆள் பற்றாக்குறையுள்ள இடத்தில், தம் தகுதிக்கு மீறிய வேலையைச் செய்யும்படி மாணவரை யாராவது நல்லெண்ணத்துடனேயே கேட்கக்கூடும். அப்போது “எனக்கு இதற்குப் பயிற்சி இல்லை” என்று சொல்ல அந்தத் தாள் துணைநிற்கும். உலகளாவிய சுகாதாரப் பயிற்சிக்கான நெறிமுறைகளை 2010இல் வெளியிட்ட பணிக்குழுவும், பயிற்சி தரும் இடத்தின் சுமையையும் செலவையும் அனுப்புபவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும் என்றே வலியுறுத்தியது. எனவே அங்குள்ள மாணவர்களையும் குழுவில் சேருங்கள். அவர்கள் இல்லாத குழு, எத்தனை துறையினரைக் கொண்டிருந்தாலும், விருந்தாளிகளின் கூட்டமே.

மதிப்பீட்டுக்கு 1999இல் உருவான, 19 கூற்றுகள் கொண்ட துறைகளிடைக் கற்றல் தயார்நிலை அளவுகோலைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது மாணவரின் மனப்பான்மையை அவர் வாயாலேயே கேட்பது. நடத்தை மாறியதா என்று அது சொல்லாது. கூட்டாக எழுதிய பராமரிப்புத் திட்டத்தையும், வார்டுச் செவிலியர் தரும் சிறு கருத்தையும்தான் நான் அதிகம் நம்புகிறேன். அந்தச் செவிலியரிடமே, மாணவர்கள் புறப்படுவதற்கு முந்தைய நாள், அடுத்த குழுவை எந்த மாதத்தில் எத்தனை பேராக அனுப்பினால் வார்டுக்குத் தாங்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அதன்படியே அடுத்த அட்டவணையைப் போடுங்கள்.