சென்சாரை இறுக்கும் முன் பச்சை விளக்கையும் பாருங்கள்

ஒளியை வைத்துப் பொருளைக் கண்டறியும் ஒளிமின் சென்சாரைப் பொருத்தும்போது, அதிலுள்ள அவுட்புட் விளக்கு எரிந்ததுமே போல்ட்டை இறுக்கிவிடாதீர்கள். பக்கத்தில் பச்சை நிற ஸ்டெபிலிட்டி விளக்கு இருந்தால், அதுவும் நிலையாக எரியும் வரை கோணத்தைத் திருத்துங்கள். பொருளை வைத்து ஒரு தடவை, எடுத்துவிட்டு ஒரு தடவை பார்ப்பது நல்லது.

வந்து சேரும் ஒளி வரம்பைத் தாண்டியதா என்பதை மட்டும்தான் அவுட்புட் விளக்கு சொல்லும். நூலிழையில் தாண்டினாலும் எரியும். வரம்பிலிருந்து போதிய இடைவெளி இருக்கிறதா என்பதைச் சொல்வது பச்சை விளக்கு. அந்த இடைவெளி இல்லாவிட்டால், லென்ஸில் கொஞ்சம் தூசி படிந்தாலோ அதிர்வில் பிராக்கெட் நகர்ந்தாலோ உற்பத்தி லைன் நின்று நின்று ஓடும். அப்புறம் நல்ல சென்சாரையே குறை சொல்லிக் கழற்றுவார்கள்.

உலோகத்தைத் தொடாமலே கண்டறியும் இண்டக்டிவ் சென்சார்களிலும் சில மாடல்கள், பொருள் எல்லையோரத்தில் இருந்தால் விளக்கைச் சிமிட்டிக் காட்டும். அந்த வசதி இல்லையென்றால், சென்சாருக்குக் குறிப்பிட்டிருக்கும் கண்டறியும் தூரத்தில் 81 சதவீதத்துக்குள் பொருளை வையுங்கள்: 8 மி.மீ. சென்சாருக்கு 6.48 மி.மீ. இது இரும்புக்கான கணக்கு. அலுமினியத்துக்குத் தூரம் பாதிக்கும் கீழே போய்விடும்.

சில மாடல்களில் பச்சை விளக்கு மின்சாரம் வருவதை மட்டுமே காட்டும், அங்கே இந்த வழி உதவாது; மேனுவலைப் பார்த்துவிடுங்கள். பின்னாலிருக்கும் பளபளப்பான தகட்டை ஒளிமின் சென்சார் பொருள் என்று எடுத்துக்கொண்டாலும் பச்சை எரியத்தான் செய்யும்.