எட்டுப் பக்கத்தில் ஒரு விமானச் சண்டை: 1942ஐப் படக்கதையாக வரைய

விமானச் சண்டை வரையும்போது பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். எது மேல், எது கீழ், யார் யாரை விரட்டுகிறார் என்று வாசகருக்கு விளங்காமல் போய்விடும். தரையில் நடக்கும் சண்டையென்றால் மரமோ லயத்துக் கூரையோ இடத்தைக் காட்டிக் கொடுக்கும். வானத்தில் அப்படி ஒன்றுமில்லை. அதனால் முதலிலேயே இரண்டு விதி வைத்துக்கொள்ளுங்கள். கதாநாயகனின் விமானம் எப்போதும் இடமிருந்து வலமாகப் பறக்கும். அது திரும்பினால், திரும்புவதை முன்னாலிருந்து காட்ட ஒரு கட்டம் செலவழியுங்கள். அடுத்தது, இரண்டு கட்டத்துக்கு ஒருமுறையாவது அடிவானக் கோடு வரவேண்டும். தெளிவான காலையில் கொழும்பிலிருந்தே சிவனொளிபாத மலை தெரியும். அந்தக் கூம்பை அடிவானத்தில் வைத்துவிட்டால் அந்தப் பக்கம் கிழக்கு, மலைநாட்டுத் திசை. 'இதற்கிடையில்' என்று நாலு பெட்டி எழுதத் தேவையில்லை.

கதை எந்த நாளில் நடக்கிறது? இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலை. முதல் தாக்குதலுக்கு முந்திய நாள், காலியை அடுத்த கொக்கலையிலிருந்து கிளம்பிய கட்டலினா கடல்விமானம் ஒன்று ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தது. அப்படியிருந்தும் கொழும்புக்குத் தெற்கே இரத்மலானை விமானத் தளத்தில் ஹரிகேன்கள் (பிரித்தானியச் சண்டை விமானங்கள்) தரையிலிருக்கும்போதே குண்டுவீச்சு விமானங்கள் தலைக்குமேல் வந்துவிட்டன. கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலும் ஓர் ஓடுபாதை இருந்தது, அங்கிருந்தும் ஹரிகேன்கள் எழும்பின. கற்பனை விமானி ஒருவனைப் புகுத்த இந்தத் திடல் நல்ல இடம். சண்டையை மட்டும் நுவரெலியாவுக்குமேல் நடத்தாதீர்கள். அடிபட்டு வழிதவறிய ஒற்றை விமானத்தை மலைக்கு அனுப்பினால் போதும், அதிலேயே மூன்று பக்கம் ஓடிவிடும்.

கறுப்பு வெள்ளையில் வரைவதால் இறக்கையிலுள்ள சின்னத்தை நம்பக்கூடாது. ஹரிகேனிலும் வட்டம், ஜப்பானியரின் ஸீரோ சண்டை விமானத்திலும் வட்டம். போதாக்குறைக்கு அந்த மாதம் ஹரிகேன் வட்டத்தின் நடுப்பொட்டும் சிவப்புத்தான். உருவத்தால் பிரியுங்கள். ஹரிகேன் முதுகு கூனியது, மூக்கு நீண்டது, வயிற்றுக்கடியில் ரேடியேட்டர் தொங்கும், பின்னுடலில் துணிக்கடியிலுள்ள சட்டங்கள் கோடுகோடாய்த் தெரியும். இறக்கை 12.2 மீட்டர், நீளம் ஏறக்குறைய 9.8. பென்சிலில் 5க்கு 4 என்று பெட்டி போட்டால் சரியாக வரும். ஸீரோவுக்கு உருண்டை மூக்கு, முதுகோடு ஓடும் நீண்ட கண்ணாடிக் கூண்டு, 4க்கு 3 பெட்டி. கப்பலிலிருந்து வந்த ஸீரோக்கள் வெளிர் சாம்பல் நிறம், அவற்றை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். ஹரிகேனைக் குறுக்குக் கோட்டால் கறுப்பாக்குங்கள். சதுர ரூள் கொப்பியில் ஒவ்வொன்றையும் பக்கம், முன், கீழ் என்று மூன்று தரம் வரைந்து பழகிய பிறகே கதைத் தாளைத் தொடுங்கள்.

கூண்டுக்குள் விமானியின் வாய் தெரியாது. ஒட்சிசன் முகமூடி மூடியிருக்கும், ஒலிவாங்கியும் அதற்குள்தான். கோபம், பயம் எல்லாம் புருவத்திலும் கழுத்திலும் வரவேண்டும். நல்ல விமானியின் கழுத்து ஓயாது, பின்னால் பார்த்துக்கொண்டே இருப்பான். நேராக முன்னே வெறிப்பவனை வரைந்தால் அடுத்த கட்டத்தில் அவன் சாகப்போகிறான் என்று அர்த்தம். (அப்படிச் சாகவேண்டியவன் கதையில் இருந்தால் இதுவே நல்ல சாடை.) ஹரிகேனின் கட்டுப்பாட்டுத் தண்டின் உச்சியில் வளையம் போன்ற பிடி இருக்கும், சுடும் பொத்தான் அதில். நேர்த்தடி வரையாதீர்கள். இடது கை வேகநெம்பில்.

ஹரிகேன் இரண்டு-பி வகையில் 12 இயந்திரத் துப்பாக்கி, இறக்கைக்கு ஆறு. அவற்றின் குண்டுகள் 250 யார் (கெஜம்) தூரத்தில் ஒரு புள்ளியில் கூடும்படி குறி வைப்பார்கள். எனவே சூட்டுக்கோடுகளை இணையாக இழுக்காமல் முன்னே குவியவிடுங்கள். பொத்தானை விடாமல் அழுத்தினால் ஏறக்குறைய கால் நிமிடத்தில் குண்டு தீரும். நாலு பக்கம் சுட்டுக்கொண்டே போகிறவனை எந்தப் பையனும் நம்பமாட்டான். மெதுவான வேகத்தில் வட்டமடித்து ஸீரோவை ஜெயிக்கவும் முடியாது, மூக்கைக் கீழே குத்திப் பாய்ந்துதான் ஹரிகேன் தப்பும். ஒரு சின்னக் கட்டம் இனாமாகத் தருகிறோம்: பறக்குமுன் துப்பாக்கி வாய்களைத் துணி ஒட்டி மூடுவார்கள், முதல் குண்டு அதைக் கிழித்துவிடும். திரும்பி வரும் விமானத்தின் துணி கிழிந்திருந்தால், தரையில் நிற்கும் மெக்கானிக்கிற்கு விசயம் விளங்கிவிடும். வசனமே வேண்டாம்.

இனி மலை. நுவரெலியா 6,128 அடியில் இருக்கிறது. பக்கத்துப் பிதுருதலாகலை 8,281 அடி. முகிலுக்குள் நுழைந்தவன் உயரமானியில் 7,000 பார்த்து நிம்மதியடைகிறான். அடுத்த கட்டத்தில் தாளை வெள்ளையாக விடுங்கள். அதற்கடுத்ததில், இறக்கை நுனிக்கு நேர்கீழே தேயிலைச் செடி. ஏப்ரலில் காலை பெரும்பாலும் தெளிவு, பள்ளத்தில் மட்டும் பனி தேங்கும், மழை பின்னேரந்தான். எட்டு மணிக்குச் சண்டை என்றால் அவன் மலைக்கு வரும்போதே முகிலைக் கூட்ட நேரக் கணக்குச் சரிவராது. பெற்றோல் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துத்தான் முகில் கூடும்வரை அவனை இங்கே வைத்திருக்கலாம். அல்லது பள்ளத்துப் பனியையே பயன்படுத்துங்கள்.

கொழுந்தெடுப்பவர்கள் பேசுவது இப்படி இருக்கட்டும்:
"அக்கா, நம்ம பிளேனா அது?"
"வட்டத்துக்குள்ள வட்டம் இருக்கு பாரு. நம்மளதுதான்."

ஒரு பேச்சுப் பலூனுக்கு எட்டு, பத்துச் சொல் போதும். தமிழ்ச் சொல் நீளம், ஆகையால் எழுத்தை முதலில் எழுதி, பிறகு அதைச் சுற்றிப் பலூன் போடுங்கள். 'கொ', 'கோ' வரும் இடத்தில் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து மறுவரியிலுமாய்ப் பிரியவிடாதீர்கள். மேல்விசிறியும் கீழ்ச்சுழியும் முட்டாதபடி வரிக்கிடையில் ஓர் எழுத்தின் பாதி உயரம் இடம் விடுங்கள்.

ஏ4 தாளில் வரைந்து 71 வீதத்துக்குச் சுருக்கிப் போட்டோ கொப்பி எடுத்தால் ஏ5 பக்கம் வரும். 5 மில்லிமீட்டர் எழுத்து மூன்றரையாகும், அதற்குக் கீழே போகாதீர்கள். 0.1 பேனைக் கோடு மறைந்துவிடும், 0.3 வையுங்கள். நாற்புறமும் 12 மில்லிமீட்டர் விடாவிட்டால் ஓரம் வெட்டுப்படும். இரண்டு ஏ4 தாளை மடித்தால் எட்டுப் பக்கம். முதல் தாளில் ஒருபுறம் 8, 1, மறுபுறம் 2, 7. இரண்டாவதில் 6, 3, மறுபுறம் 4, 5. நடுவில் இரண்டு கம்பி.

ஆடி மழையில் தாள் ஈரம் குடித்து மை பரவும். வரையுமுன் தாளை அடுப்படியில் ஒரு இரவு வைத்திருங்கள், அடுப்புக்கு நேர்மேலே வேண்டாம், புகைக்கறை பிடிக்கும். மை போட்ட உடனே அழிறப்பர் பிடிக்காமல் மறுநாள் பிடியுங்கள். முடிந்த பக்கங்களைப் பத்திரிகைத் தாள்களுக்கிடையில் வைத்துக் கனம் ஏற்றுங்கள். காய்வதற்குமுன் பொலித்தீன் பையில் போட்டால் ஒரு வாரத்தில் பூஞ்சணம்.